சுவருக்கு மேலே எழும்பாத சூரியகாந்தி

மொத்தத் தூரம் பதினொரு கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை. இதையும் பயணம் என்று எழுத வந்துவிட்டாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஏ-ஒன்பது வீதி மூடி ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணம் போவதென்றால் அனுமதிக்கு அலைந்து, பிறகு கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்துக் கிடக்க வேண்டும். அதனால்தான் இந்த வலைப்பூவில் நான் கொழும்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட நேரம், கொடுத்த காசு, நடந்த தூரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பயணம் தை மாதக் கடைசிச் சனிக்கிழமை போனது. எழுத இரண்டு மாதம் பிந்தியதற்குக் காரணம் சோம்பல் அல்ல, வெட்கம்.

போன வருடம் பங்குனியில் கொட்டாஞ்சேனை மொட்டைமாடி ஒன்றில் பார்த்த குட்டைச் சூரியகாந்திகளைப் பற்றி எழுதியிருந்தேன். நிறையப் பேர் படித்தீர்கள். கார்த்திகையில் அதே செடியின் விதை கிடைத்திருக்கிறது, அடுத்த முறை என் மாடியிலேயே பூக்கும் என்று நான்கு வரியில் பீற்றிக்கொண்டேன். பிறகு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டீர்கள். முளைக்கவில்லை என்று பதில் போட்டேன். அது பொய். அந்தப் பொய்யை உங்களுக்குச் சொன்னதைவிட, சொல்லக்கூடாத ஒருவருக்குச் சொன்னதுதான் பெரிய பிழை. அதைத் திருத்தத்தான் போனேன்.

காலை எட்டு இருபதுக்கு வெள்ளவத்தை ஸ்டேசனில் ரயில். கோட்டைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் பத்து ரூபாய். சனிக்கிழமையென்றால் உட்கார இடம் கிடைக்கும். கடல் பக்கமாக உட்காருங்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பைக்குள் துழாவினால் அதுவே ஒரு சந்தேகம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று நின்று நின்று கோட்டைக்கு இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தில், புதிதாக வந்தவர்களுக்காக, முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் வேலை பம்பலப்பிட்டியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு. அம்மாவின் நேர்த்தி ஒன்றுக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்வருவேன். சைவக்காரர்கள் அந்தோனியாரிடம் போவது கொழும்பில் ஒரு புதினமும் இல்லை. அங்கேதான், கையில் சோசர் அளவுச் சூரியகாந்தி ஒன்றோடு வரிசையில் நின்ற ஸ்டெல்லா அக்காவைக் கண்டேன். இவ்வளவு சின்னப் பூ எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். வாங்கியதில்லை, வீட்டு மாடியில் பூத்தது என்றார். வந்து பாரும் என்று அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார். இந்த நாளில் முன்பின் தெரியாத ஒருத்தியை வீட்டு மாடிவரை ஏற்றுவது சின்னக் காரியம் இல்லை.

செடிகளை வளர்ப்பவர் அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணை. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் குமாஸ்தா. ஏழு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த கிளித்தீனி மூட்டை ஒன்று வெடித்துச் சிந்த, கூட்டித் தள்ளிய குப்பையிலிருந்து ஒரு கைப்பிடி வரிவிதையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாராம். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பரல்களில் விதைத்தார். அவை ஒன்பது அடிக்கு எழும்பின. மாடிச் சுவரோ மூன்றரை அடி. கிழக்கே இருக்கும் உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் மண்மூட்டைக் காவல். சுவருக்கு மேலே தலைகள் அசைகின்றன என்று அங்கிருந்தவனுக்குப் பட்டிருக்கிறது. இரண்டு பொலிஸ்காரர் மேலே ஏறிவந்து பார்த்துச் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு வெட்டச் சொன்னார்கள்.

வெட்டினார். மூலைப் பரலில் சவலையாய் நின்ற மூன்று மட்டும் சுவருக்குக் கீழே இருந்தன, அவற்றை விட்டுவிட்டார். அடுத்த வருடம் அந்த மூன்றின் விதையை விதைத்தார். அதிலும் பாதி சுவரைத் தாண்டியது. தாண்டியதையெல்லாம் பூக்குமுன் வெட்டி, தாண்டாததில் விதை எடுத்தார். இப்படியே வருடத்துக்கு ஒரு போகம், ஏழு போகம். கொட்டாஞ்சேனை மாடிக்குத் தேனீ அதிகம் வராது என்பதால் இரண்டு பூவை முகத்தோடு முகம் வைத்துக் கையாலேயே உரசிவிடுவார். சமாதானம் என்று சொல்லிக் காவல்கள் இறங்கியிருந்த வருடங்களிலும் குட்டையைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறார். அப்போது ஏன் என்று கேட்டேன். சமாதானம் வந்தால் சுவர் உயருமோ என்று திருப்பிக் கேட்டார்.

நான் பார்த்தபோது இருபத்துநாலு செடி, ஒன்றும் மூன்றடி தாண்டவில்லை. சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனோடு திரும்பும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இளம் செடிதான் திரும்பும், பூ முற்றினால் கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும் என்று அவர் சொன்னார். ஆகவே அந்த இருபத்துநாலும் காவல்காரன் இருந்த கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் கண்ணில் படாமல் நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் பங்குனிப் பதிவை எழுதினேன்.

அந்தப் பதிவில் விட்டுப்போன வரலாற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தச் செடியின் ஊர் வட அமெரிக்கா. அங்கிருந்த பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே இதைப் பயிராக்கி, விதையை இடித்து மாவாக்கி, எண்ணெய் எடுத்து, நிறத்துக்கும் மருந்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸ்பானியர்கள் கப்பலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் அழகுக்கு வைத்தார்கள். எண்ணெய்க்கென்று ஏக்கர் கணக்கில் விதைத்தவர்கள் ரஷ்யர்கள். தவக்காலத்தில் திருச்சபை விலக்கிய கொழுப்புகளின் பட்டியலில் இந்த எண்ணெய் இல்லாததால் அங்கே அது பிடித்துக்கொண்டதாம். கறுப்பு விதை எண்ணெய்க்கு, வரி விழுந்த விதை கொறிக்கவும் கிளிக்கும். சக்கை மாட்டுக்குப் பிண்ணாக்கு. தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோறு தக்கையை விட இலேசானது, ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் வைத்துத் தைத்தார்கள். நமக்கு இதெல்லாம் இல்லை, இருதயக்காரருக்கு டொக்டர் எழுதிக்கொடுக்கும் விலை கூடிய எண்ணெய்ப் போத்தலாகத்தான் சூரியகாந்தியைத் தெரியும்.

கார்த்திகையில் மரியதாஸ் அண்ணை என்னை அழைத்தார். கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் பக்கம் வானத்திலிருந்து குண்டு விழுந்த பிறகு காவல் போடவென்று ஆமிக்காரர் கொழும்பு மாடிகளிலெல்லாம் கண் வைத்துவிட்டார்கள். தங்கள் மாடியையும் ஒருநாள் கேட்பார்கள், கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், பரல்கள் தெருவுக்கு வரும் என்று பயந்தார். விதை இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உங்களிடம் மாடி இருக்கிறது, சுவரும் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்று நாற்பது விதை தந்தார். எண்ணித் தந்தார். மீதி அவருடைய தகரப்பேணியில் இருந்தது, தையில் விதைப்பதற்கு. நாற்பதையும் ஒரு தாளில் சுருட்டி, நூலால் கட்டியிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தேன். கொள்ளுப்பிட்டிக்குச் சற்று முன் எல்லோரையும் சோதனைக்கு இறக்கினார்கள். இறங்குமுன் பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தபோதுதான் அந்தத் தாளைப் பார்த்தேன். யாழ்ப்பாணப் பத்திரிகை. காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் வரும் பொதிகளுக்கு அடைப்பாக வைக்கும் தாள், அவர் வீட்டில் கட்டுக்கட்டாய்க் கிடக்கும். சுருட்டியிருந்த பக்கம் கண்ணீர் அஞ்சலிப் பக்கம். மீசை சரியாக அரும்பாத ஒரு பெடியனின் முகம் வெளிப்பக்கமாய் இருந்தது. யார் அவன், எப்படிச் செத்தான், இந்தத் தாள் ஏன் உன் பையில் இருக்கிறது. இந்த மூன்று கேள்வியையும் சிங்களத்தில் யாரோ என்னிடம் கேட்பதுபோல் காதுக்குள் கேட்டது.

வரிசைக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் கான் ஓடியது. மூக்கைத் துடைப்பதுபோலக் கைக்குட்டையை எடுத்து, அதற்குள் பொட்டலத்தை வைத்து, குனிந்து, கானுக்குள் நழுவவிட்டேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது. பொட்டலம் கொஞ்சம் மிதந்து, பாலத்துக்கு அடியில் போய்விட்டது. என்னைச் சோதித்த பெண் பொலிஸ் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகு முதலில் வந்தது நிம்மதிதான். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவும் பொய்யாகிவிடும்.

மார்கழி நடுவில் அவர் என் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். முளைச்சுதோ தங்கச்சி என்று கேட்டார். பக்கத்து மேசையில் ஆள் இருந்தது. போனில் செக்பொயின்ட் கதை கதைக்க முடியாது. பிறகு வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, இல்லை அண்ணை, ஒண்டும் முளைக்கேல்லை. எத்தனை அங்குல ஆழத்தில் போட்டீர்கள் என்று கேட்டார். ஒரு அங்குலம் என்றேன். தண்ணீர் கூடிப்போச்சோ என்றார். இல்லை, அளவாகத்தான் என்றேன். பொய்க்குத் தண்ணீர் அளவு வேறு. சரி, விதைப் பிழையாத்தான் இருக்கும், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று அவர் போனை வைத்தார்.

கோட்டையில் இறங்கி, புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு நடக்க எட்டு நிமிடம். பஸ்ஸென்றால் கொட்டாஞ்சேனைக்குப் பன்னிரண்டு ரூபாய். அன்றைக்கு என் கால் பஸ்ஸுக்குப் போகவில்லை, திரீவீலர் பிடித்தேன். நூற்றைம்பது கேட்டவர் நூற்றிருபதுக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் யார் வீடு என்று தமிழில் கேட்டார். சொந்தக்காரர் என்றேன், அதுவும் பொய். ஒழுங்கை வாசலில் தடுப்புப் போட்டிருக்கிறார்கள், உள்ளே ஓட்ட முடியாது என்று சந்தியிலேயே இறக்கிவிட்டார். மணி ஒன்பது இருபது. அங்கிருந்து நானூறு அடி நடை. அந்த நானூறு அடிக்கு எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது.

ஸ்டெல்லா அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்துவிட்டீர் என்றார். மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஏறினோம். தை முடிகிறது, இந்நேரம் நாலிலையாவது விட்டிருக்க வேண்டும். பரல்களில் முளைக்கீரை நின்றது. ஒன்றில் கறிக்குப் போடும் ரம்பை கொஞ்சம். மரியதாஸ் அண்ணை பின்னால் ஏறிவந்து, கீரை வேணுமெண்டா பிடுங்கிக்கொண்டு போங்கோ என்றார். நான் சூரியகாந்தி எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமலே விளங்கிவிட்டது, ஆனால் விளங்காத மாதிரி நின்றேன்.

கீழே தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணியோடு ஒரு பீங்கானில் வறுத்த சூரியகாந்தி விதை. உப்புப் போட்டு இரும்புச் சட்டியில் வறுத்தது என்று ஸ்டெல்லா அக்கா சொன்னார். பேணியில் இருந்ததில் நத்தாருக்கு ஒரு பங்கு, புதுவருடத்துக்கு ஒரு பங்கு, இது கடைசி, உமக்கென்று வைத்திருந்தோம் என்றார். முன்பல்லால் கடித்துக் கோதை எடுக்க வேண்டும். எடுத்தேன். நல்ல ருசி. அதை நான் விழுங்கும்போது மரியதாஸ் அண்ணை எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் பேணி வைத்திருந்த தட்டுக்கு மேலே ஒழுக்கு இருந்ததாம். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்ததாம். ஈரத்துணியில் பத்து விதையைச் சுற்றிவைத்துப் பார்ப்போமா என்று யோசித்தாராம்.

"பிறகு ஏன் பாக்கேல்லை?" என்று கேட்டேன்.

"உங்கட நாப்பதில ஒண்டுகூட முளைக்கேல்லை. பிறகு என்னத்தைச் சோதிக்கிறது? நீங்கள் படிச்ச ஆள், கவனமாத்தான் போட்டிருப்பியள்" என்றார். பிறகு, "உங்களுக்கும் வீண் அலைச்சல் தந்திட்டன் தங்கச்சி" என்றார்.

வாயில் இருந்த விதையை என்னால் மெல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன். தாள், பெடியனின் முகம், கான், பாலம், போன், ஒரு அங்குல ஆழம், எல்லாம். அழகாகச் சொல்லவில்லை. முதலில் போனில் சொன்ன பொய்யைச் சொல்லி, பிறகு எறிந்ததைச் சொல்லி, நடுவில் தாளின் மேல் பழியைப் போடப் பார்த்து, அதையும் திருத்தி, மொத்தத்தில் பதில் தெரியாமல் சோதனை எழுதும் பிள்ளை மாதிரிச் சொன்னேன். பயந்தேன் என்பதை மட்டும் கடைசிவரை சொல்ல வரவில்லை. காரணம் காரணமாய்ச் சொன்னேன்.

மரியதாஸ் அண்ணை எழுந்து மாடிக்கு ஏறிப் போனார். மேலே பரல் ஒன்றை இழுக்கும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா அக்கா பீங்கானை என் பக்கத்திலிருந்து எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தார்.

"பயந்தா பயந்தனான் எண்டு சொல்லுறதுக்கு என்ன? இந்த ஒழுங்கையில ஆர் பயப்பிடாம இருக்கினம்? நாங்கள் பயத்தில ஒரு செடியையே குட்டையாக்கினனாங்கள். அதை விளங்காத ஆக்களிட்டயே நீர் பொய் சொன்னனீர்?"

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். நான் எறிந்ததை அவர்கள் மன்னித்திருப்பார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. தங்களைப்போல நானும் பயந்தவள் என்பதை மறைத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெள்ளவத்தைக்காரிக்குப் பயம்கூடக் கௌரவக் குறைச்சல் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்திருந்தால் அது பிழையில்லை.

மரியதாஸ் அண்ணை அரை மணித்தியாலம் கழித்து இறங்கி வந்தார். கையில் மண். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாப்பதையுமோ போட்டனீங்கள்?"

ஓம் என்றேன்.

"தாளை மட்டும் எறிஞ்சிருக்கலாம்" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. நூலை அவிழ்த்து விதையைப் பைக்குள் கொட்டிவிட்டு வெறும் தாளை எறிந்திருக்கலாம். பத்து விநாடி வேலை. இரண்டரை மாதமாக நான் எனக்குச் சொல்லி வந்த நியாயங்களில் ஒன்றுகூட இந்தப் பத்து விநாடியைப் பற்றிப் பேசவில்லை. அப்போதுதான் அழுதேன். அவர்கள் தேற்றவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஸ்டெல்லா அக்கா போய்க் கீரை பிடுங்கிக்கொண்டு வந்தார்.

இனி என்ன செய்யலாம் என்று நான்தான் கேட்டேன். கிளித்தீனி வாங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழி இல்லை என்றார் மரியதாஸ் அண்ணை. நீங்கள் தொடங்குவீர்களா என்றேன். தனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது, இன்னோர் ஏழு வருடம் இந்த மாடி இருக்குமோ தெரியாது என்றார். அப்போது நான் செய்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் முறையை முழுதாகச் சொல்லித் தந்தார், நான் எழுதிக்கொண்டேன். புறப்படும்போது அந்த யாழ்ப்பாணப் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒரு தாள் கேட்டேன். எதற்கு என்றார். விதை சுற்ற என்றேன். தேவையில்லாத வேலை என்று சொல்லி முதலில் தரமாட்டேன் என்றார். பிறகு ஸ்டெல்லா அக்கா எடுத்துத் தந்தார்.

கிளித்தீனிக் கடை பெரிய வீதிக்கு வந்து இடக்கைப் பக்கம் ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. அரைக் கிலோ வரிவிதை நூற்றெண்பது ரூபாய். வறுக்காதது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்கார நானா பொலித்தீன் பையில் போட வந்தார், நான் தாளை நீட்டினேன். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன். உள்ளங்கை வியர்த்துத் தாள் நனைந்தது. வீரம் ஒன்றும் இல்லை, இரண்டு தரம் இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அதே இடத்தில் நிறுத்தினார்கள். அதே கான். இந்த முறை ஓர் ஆமிக்காரன், இருபது வயது இருக்கும். பொட்டலத்தைக் காட்டி, "மேக்க மொகக்த?", இது என்ன, என்று கேட்டான். "சூரியகாந்த எட்ட, கிரவுன்ட்ட கன்ன" என்றேன். சூரியகாந்தி விதை, கிளிக்குத் தின்ன. பிரித்தான். நாலைந்து விதையை எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தான். தங்கள் வீட்டு வேலியோரம் அம்மா இது வைத்திருக்கிறாள், கூரை உயரத்துக்கு வளரும் என்று சிங்களத்தில் சொன்னான். எடுத்த விதையைத் திரும்பப் போட்டு, சிந்தாமல் மடித்துத் தந்து, போகச் சொன்னான். தாளை அவன் பார்க்கவே இல்லை.

இதை வாசித்துவிட்டு நீங்களும் அப்படித் தாள் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். அன்றைக்கு அவன் பார்க்கவில்லை, வேறொரு நாள் வேறொருவன் பார்ப்பான், அப்படிப் பார்க்கப்பட்டவர்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். என் பயம் பொய்யில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு வந்தது நிம்மதி இல்லை. ஏழு வருடத்தை எதற்காகக் கானில் போட்டேன் என்றுதான் வீடுவரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

கொட்டாஞ்சேனையில் பார்க்க இப்போது சூரியகாந்தி இல்லை, ஆகவே போக வேண்டாம். பங்குனிப் பதிவிலிருந்து ஒழுங்கையின் பெயரையும் எடுத்துவிட்டேன். விதைக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் அவர் சொன்னதைச் சொல்கிறேன். நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். ஒரு முழ ஆழமாவது மண் கொள்ளும் பரல், அடியில் துளை. விதையை ஓர் அங்குல ஆழத்தில், சாணுக்கு ஒன்றாகப் போடுங்கள். ஒரு கிழமைக்குள் முளைக்கும். முளையை அணிலும் புறாவும் பிடுங்காமல் வலை போடுங்கள். இரண்டு மாதத்தில் பூ, அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்தில் பூவின் முதுகு மஞ்சளாகிக் காய்ந்தால் விதை. பேணியை ஒழுக்குக்குக் கீழே வைக்காதீர்கள். முளைக்குமா என்று சந்தேகம் வந்தால் ஈரத்துணியில் பத்தைச் சுற்றிப் பாருங்கள், யார் என்ன சொன்னாலும் பாருங்கள்.

மாசி முதல் கிழமை அறுபது விதை போட்டேன். முப்பத்தெட்டு முளைத்தன. என் மாடிச் சுவர் மூன்றடி நாலங்குலம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஐம்பத்து மூன்றாம் நாள். சுவரின் விளிம்பில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். தாண்டியதை மொட்டு விரியுமுன் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மகரந்தம் குட்டையோடு கலந்துவிடும். நல்ல செடிகள்தான் தாண்டியிருந்தன. தண்டு தடித்து, இலை அகன்று, காலையில் கிழக்கேயும் பின்னேரம் கடல் பக்கமும் திரும்பி நின்ற செடிகள். ஒன்று என் தோள்வரை இருந்தது. அதை விட்டுவிடலாமா என்று கத்தியோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதையும் வெட்டினேன். அம்மா வந்து பார்த்து, உனக்கென்ன விசரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதை ஏழு வருடம் செய்ய வேண்டும். ஏழாவது வருடம் சுவருக்குக் கீழே நிற்கும் ஒரு செடி யாருக்காவது தேவைப்படுமோ தெரியாது. தேவைப்படாமல் போகட்டும் என்றுதான் அந்தோனியாரிடமும் பிள்ளையாரிடமும் கேட்கிறேன்.

இன்று காலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. மரியதாஸ் அண்ணை. மார்கழிக்குப் பிறகு அவர் போன் எடுத்தது இதுதான் முதல் தரம். வெட்டினீங்களோ என்றார். வெட்டினன் என்றேன். எத்தினை மிச்சம் நிக்குது என்று கேட்டார். ஏழு என்றேன். விடிய வேலைக்கு வருமுன் மாடிக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.